உள்மரம்: கண்ணில் படாத பலகைக்கு எந்த மரம்?

தேக்கில் ஓர் அலமாரியோ இழுப்பறைப் பெட்டியோ செய்யச் சொல்லும்போது, வெளியே தெரியும் மரத்தை எல்லோரும் கவனமாகத்தான் பார்க்கிறோம். ரேகை நேராக ஓடுகிறதா, நிறம் ஒத்துப்போகிறதா, முடிச்சு இருக்கிறதா என்று மரவாடியில் ஒவ்வொரு பலகையாகப் புரட்டி எடுக்கிறோம். இழுப்பறையின் பக்கங்களுக்கும் அடிக்கும் முதுகுக்கும் என்ன போடலாம் என்று ஆசாரி கேட்டால் மட்டும், "உள்ளுக்குத்தானே, பார்த்துப் போடுங்க" என்று விட்டுவிடுகிறோம்.

சாமான் வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன தொல்லை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழையில் இழுப்பறை இறுகிக்கொண்டு வர மறுக்கிறது. சித்திரை வெயிலில் அடிப்பலகை நடுவில் வெடிக்கிறது. மடித்து வைத்த புடவையின் மேல் மரத்தூள் மாவாக உதிர்ந்து கிடக்கிறது. நாலைந்து வருடத்தில் இழுப்பறை தேய்ந்து முன்பக்கம் தொங்குகிறது. இந்த நான்கும் உள்ளே இருக்கும் மரத்தின் கோளாறுகள். முகப்பில் இருக்கும் தேக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் இவற்றில் ஒன்றைக்கூடத் தடுக்காது.

உள்மரத்தை விலை பார்த்து மட்டும் எடுக்கக் கூடாது. அது செய்யப்போகும் வேலையைப் பார்த்து எடுக்க வேண்டும். வேலையைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பக்கமே கிடைக்கும் எளிய மரங்கள் அதற்குப் போதும்.

எதெல்லாம் உள்மரம்?

கையால் செய்யும் மரச்சாமானில் மரம் இரண்டு பங்காகப் பிரிகிறது. மேல்பலகை, பக்கங்கள், கதவு, இழுப்பறை முகப்பு, கால் ஆகியவை வெளிமரம். இழுப்பறையின் இரு பக்கப் பலகைகள், பின்பலகை, அடிப்பலகை, இழுப்பறை ஓடும் சட்டங்கள், இரண்டு இழுப்பறைகளுக்கு இடையில் வரும் தட்டு, சுவரோடு ஒட்டி நிற்கும் முதுகுப்பலகை, மூலைகளில் ஒட்டும் சின்னச் சின்னக் கட்டைகள் ஆகியவை உள்மரம். நான்கு இழுப்பறை வைத்த ஒரு பெட்டிக்குக் கன அடிக் கணக்குப் போட்டால், வாங்கும் மரத்தில் ஏறக்குறையப் பாதி உள்ளேதான் போகிறது. இந்தப் பாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாம் முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

முழுக்கத் தேக்கே போட்டால் என்ன?

வசதி இருந்தால் போடலாம். ஆனால் "முழுத் தேக்கு" என்று கேட்பதால் மட்டும் உள்ளே நல்ல மரம் வந்துவிடாது. தேக்கு மரத்தின் நடுவில் பழுப்பு நிறத்தில் இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளுப்பாக இருப்பது வெளிறு. மரவாடியில் அதை 'வெள்ளை' என்பார்கள். தேக்கின் பேர் பெற்ற உறுதியும், கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாத குணமும் வைரத்துக்கு மட்டுமே உண்டு. வெளிறும் தேக்குதான், ஆனால் அது எளிதில் உளுத்துப் போகும். தோட்டத்தில் வளர்த்து இளம் வயதில் வெட்டும் மரங்களில் வெளிற்றின் பங்கு கூடுதல். முகப்புக்கு வைரத்தை எடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளை, 'முழுத் தேக்கு' என்ற பேரில் இழுப்பறைக்கு வந்து சேர்கிறது. ரசீதில் எழுதியது பொய்யில்லை. ஆனாலும் பூச்சி பிடிக்கக்கூடிய மரம் துணிமணிக்கு அடியில் வந்துவிட்டது.

எனவே தேக்கு வெளிற்றைவிட வேம்பின் வைரமோ வாகையின் வைரமோ உள்ளே இருப்பது நல்லது. எந்த மரம் என்று கேட்பதோடு, மரத்தின் எந்தப் பாகம் என்றும் கேட்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: காய்ந்த மரமா?

உள்மரத்தைத் தேர்வதில் மரத்தின் பெயரைவிட முன்னால் வருவது அதன் ஈரம். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. நார்களின் உள்குழியில் கிடக்கும் தண்ணீர் முதலில் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. ஈரம் சுமார் 28 முதல் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, நார்ச்சுவருக்குள் பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதிலிருந்துதான். காய்ந்த பிறகும் இது நிற்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை வாங்கி உப்பும். குறைந்தால் விட்டுச் சுருங்கும். மேலே பூசும் பாலிஷ் இந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

இந்த அசைவு எவ்வளவு என்று ஒரு கணக்கில் பார்ப்போம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் நாட்களில் மரத்துக்குள் ஈரம் 11, 12 விழுக்காட்டில் நிற்கும். அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் பல நாள் நின்றால், மரத்தின் ஈரம் 15, 16 வரை ஏறும். இடையில் 4 விழுக்காடு வித்தியாசம். தேக்குப் போன்ற அமைதியான மரத்தில்கூட, சாதாரணமாக அறுத்த பலகை ஒவ்வொரு விழுக்காட்டு ஈரத்துக்கும் அகலவாட்டில் சுமார் 0.2 விழுக்காடு மாறும். முன்னிருந்து பின்னாக 16 அங்குலம் உள்ள அடிப்பலகையில் இது ஏறக்குறைய ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம். நூல் கணக்கில் இழைத்துப் பொருத்தும் வேலையில் ஒரு நூல் பெரிய இடம். அந்த இடத்தை விடாமல் பலகையை நாலாபக்கமும் பசை போட்டு இறுக்கினால், மழையில் அது இணைப்பைத் தள்ளும். கோடையில் தானே வெடிக்கும். அகலவாட்டில்தான் இந்த அசைவு. நீளவாட்டில் மரம் மாறுவது மிகக் குறைவு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கப்போகும் சாமானுக்கு மரம் 10 முதல் 12 விழுக்காடு ஈரத்தில் இருப்பது நல்லது. கடலோர ஊரில் ஒன்றிரண்டு கூடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 287 என்ற பரிந்துரை, காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பயனுக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. சென்னைக்குச் சரியான ஈரம் கோவைக்கும் அப்படியே பொருந்தாது என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. சென்னையில் செய்து கோவையில் வைக்கப்போகிற சாமானுக்கு இதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஈரம் காட்டும் மீட்டர் இல்லாமலே வீட்டில் இதை அளக்கலாம். பலகையின் நுனியை விட்டு, ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். நுனி எப்போதும் முன்னதாகக் காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மின்அடுப்பில் 100 முதல் 105 டிகிரி சூட்டில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். இனி எடை குறையவில்லை என்ற நிலையில் 178 கிராம் வந்தால், போன தண்ணீர் 22 கிராம். அதைக் காய்ந்த எடையான 178ஆல் வகுத்தால் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த மரத்தைப் போடலாம். 20க்கு மேல் வந்தால் அந்த மரத்தை இடைக்குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் இன்னும் அடுக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது: உளுக்குமா?

துணி மேல் மாவு போல் விழும் தூள், பெரும்பாலும் மிகச் சிறிய ஒரு துளைவண்டின் வேலை. அதன் பெண் வண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டையிடும். புழு உள்ளே மாவுச்சத்தைத் தின்று வளரும். வண்டாகி வெளியே வரும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையிலிருந்துதான் தூள் கொட்டுகிறது. இதற்குத் தேவை இரண்டு: முட்டையிட இடம் தரும் துளை, தின்ன மாவுச்சத்து. இரண்டும் சேர்ந்து இருப்பது வெளிற்றில். அதனால்தான் ரப்பர், மா போன்ற மரங்களும், எந்த மரத்தின் வெள்ளையும் எளிதில் உளுக்கின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அந்த அகலமான துளைகள் இல்லை. இந்த வகை வண்டு அவற்றுக்குப் போவதில்லை.

மாவுச்சத்து இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பலகையின் ஓரத்தைப் புதிதாக இழைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சரை ஒரு சொட்டு விடுங்கள். சற்று நேரத்தில் நீலக்கருப்பாக மாறினால் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே நின்றால் வண்டுக்குத் தீனி குறைவு. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குக்குச் செய்த அதே சோதனைதான்.

நம் கிராமங்களில் அறுப்பதற்கு முன் மரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ மாதக்கணக்கில் ஊறப்போடும் பழக்கம் இருந்தது. வேம்பு, வாகை, பூவரசு எல்லாம் அப்படி ஊறின. நீருக்கடியில் நுண்ணுயிர்கள் மரத்திலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்றுவிடுகின்றன. கொஞ்சம் தண்ணீரிலும் கரைந்து போகிறது. வெளியே எடுத்துக் காயவைத்த மரத்தில் வண்டுக்கு மிச்சம் இருப்பதில்லை. இன்று இதே வேலையைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் செய்கிறது. அறுத்த உடனே, ஈரம் இருக்கும்போதே முக்கினால் மருந்து உள்ளே வரை ஊறும். இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் மழை படும் இடத்துக்கு உதவாது. வீட்டுக்குள் இருக்கும் இழுப்பறைக்கு மிகப் பொருத்தம். காய்ந்த பலகை மேல் தூரிகையால் தடவுவது மேலோடு நின்றுவிடும். அதை முக்கியெடுத்ததற்குச் சமமாக எண்ணக் கூடாது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குணம்

இழுப்பறைப் பக்கங்கள்தான் உள்மரத்திலேயே அதிகம் உழைப்பவை. திறக்கும்போதும் மூடும்போதும் அவற்றின் அடிவிளிம்பு சட்டத்தில் உராய்கிறது. மூலையில் பற்களாகக் கோக்கும் புறாவால் இணைப்புக்காக உளியால் வெட்டும்போது ஓரம் பிய்ந்து வரக் கூடாது. அதனால் நேரான ரேகையும் நடுத்தரக் கடினமும் உள்ள மரம் வேண்டும். மிக மென்மையானதைப் போட்டால் அடிவிளிம்பு தேய்ந்து, இழுப்பறை முன்பக்கம் சரியும். வேறு வழியில்லாமல் மென்மரம் போட நேர்ந்தால், அடிவிளிம்பில் கடினமான மரத்தில் ஒரு மெல்லிய சட்டம் ஒட்டிவிடலாம். தேய்ந்த பிறகு அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பக்கப் பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பதும் முக்கியம். பலகையின் நுனியைப் பாருங்கள். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், அந்தப் பலகை அகலவாட்டில் அசைவது சாதாரண அறுப்பில் அசைவதில் ஏறக்குறையப் பாதிதான். வளையங்கள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் பலகை குழிவதற்கும் வாய்ப்பு அதிகம். ஒரே மரத்தில் இரண்டு வகையும் கிடைக்கும். செங்குத்தாக நிற்பவற்றைப் பக்கங்களுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

அடிப்பலகை உராய்வதில்லை, பாரம் மட்டும் தாங்குகிறது. அதற்கு இலேசான, அசைவு குறைந்த மரம் போதும். அதன் ரேகை இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்போது அசைவு முன்பின்னாகத்தான் இருக்கும். முன்பக்கம் முகப்பின் காடிக்குள் பசை போட்டு நிறுத்தி, இரண்டு பக்கங்களிலும் பசையில்லாமல் காடிக்குள் சொருகி, பின்பக்கம் பின்பலகைக்கு அடியில் சற்று வெளியே நீட்டி, நீள்துளையில் ஒரே ஒரு திருகாணி போட்டு நிறுத்துவார்கள். மேலே சொன்ன அந்த ஒரு நூல் அசைவு பின்பக்கமாகப் போய்வரும், எதையும் உடைக்காது. இப்படிச் செய்யும் ஆசாரியை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

இழுப்பறை ஓடும் சட்டம் கடினமாக இருக்க வேண்டும். அது அகலம் குறைந்தது என்பதால் கருவேலம் போன்ற கனமான மரமும் இங்கே தாராளமாக வரும். சட்டத்திலும் இழுப்பறையின் அடிவிளிம்பிலும் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

முதுகுப்பலகைக்கு அழகு வேண்டியதில்லை. ஆனால் அது சுவரை ஒட்டி நிற்கிறது. சுவரில் ஓதம் இருந்தால் முதலில் வாங்குவது அதுதான். எனவே கரையான் எதிர்ப்பு உள்ள மரத்தை அங்கே வைப்பது நல்லது. ஒரே அகலப் பலகையாக இல்லாமல், காடியும் நாக்குமாகக் கோத்த குறுகிய பலகைகளாக இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே அசைந்துகொள்ளும்.

எடையையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 3 அடி அகலம், 18 அங்குல ஆழம், 6 அங்குல உயரம் உள்ள ஓர் இழுப்பறைக்குப் பக்கமும் முதுகும் அரை அங்குலம், அடி முக்கால் பங்கு அரை அங்குலம் என்று வைத்தால், முகப்பு நீங்கலாக ஏறத்தாழக் கால் கன அடி மரம் ஆகும். அதைக் கருவேலத்தில் செய்தால் 6 கிலோ வரும். தேக்கில் 5 கிலோவுக்குப் பக்கம். மலைவேம்பில் 3 கிலோ. துணி நிரப்பிய பிறகு தினமும் இழுக்கப்போகிறவர் வீட்டின் மூத்தவர் என்றால், இந்த வித்தியாசம் அவர் கைக்குத் தெரியும்.

நம் பக்கத்து மரங்கள்

வேம்பு. வைரம் உறுதியானது, பூச்சி எளிதில் அண்டாது. முறுக்கு ரேகை என்பதால் இழைப்பது சிரமம். கூர்மையான இழைப்புளி வேண்டும். தொடக்கத்தில் ஒரு வாசம் இருக்கும், நாளாவட்டத்தில் குறையும். இழுப்பறைப் பக்கங்களுக்கும் முதுகுக்கும் நன்றாக வரும். வெள்ளையை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

வாகை. கரும்பழுப்பு வைரம், நல்ல பலம். இதுவும் முறுக்கு ரேகைதான். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் மூக்கில் ஏறினால் விடாமல் தும்மல் வரும். வேலை செய்கிறவர் முகமூடி போட்டே ஆக வேண்டும். ஓடுசட்டத்துக்கும் பக்கங்களுக்கும் ஏற்றது.

பலா. மஞ்சள் நிறம், காலப்போக்கில் பழுப்பாகும். தஞ்சாவூரில் வீணை செய்ய எடுக்கும் மரம் இது. அசைவு குறைவு, கரையான் எதிர்ப்பும் நன்று. உளிக்கு இணங்கி வெட்டுப்படும். கிடைத்தால் இழுப்பறைக்கு இதைவிட நல்ல மரம் தேட வேண்டியதில்லை. இலங்கையில் வீட்டுச் சாமானுக்கு முதன்மையான மரங்களில் ஒன்று. அங்கே பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

பூவரசு. வேலிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்வது. கடினமும் உறுதியும் உள்ளது, ஆனால் அகலப் பலகை கிடைப்பது அரிது. குறுகலான வேலைகளுக்கு, முக்கியமாக ஓடுசட்டத்துக்கும் மூலைக்கட்டைக்கும் எடுக்கலாம்.

சில்வர் ஓக். நீலகிரி, வால்பாறை, ஏற்காடு பக்கத்துத் தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பது. இளஞ்சிவப்பு நிறம், அதிக எடையில்லை, நேராக அறுத்தால் அழகான புள்ளி ரேகை தெரியும். இழைக்க எளிது. ஆனால் ஓதத்தையும் பூச்சியையும் தாங்காது, அதனால் மருந்தில் முக்கியதுதான் வேண்டும். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வடித்து ஓய்ந்த மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டுகிறார்கள். வெளிர் நிறம், நல்ல வேலைப்பாடு, சீரான ரேகை. மாவுச்சத்து மிகுதி. அறுத்த ஒன்றிரண்டு நாளில் மருந்தேற்றாவிட்டால் நீலம் பாய்ந்துவிடும், வண்டும் வந்துவிடும். அழுத்தத்தில் மருந்தேற்றிச் சூளையில் காயவைத்தது என்றால் இழுப்பறைப் பக்கத்துக்கு மிக நல்ல மரம். மருந்தேற்றாதது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

மா, மலைவேம்பு. இரண்டும் விலை குறைந்தவை. மாமரத்தில் பெரும்பகுதி வெளிறு. மருந்து இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மலைவேம்பு இலேசானது, மென்மையானது. அடிப்பலகைக்குச் சரி, உராயும் இடத்துக்குச் சரியில்லை.

பெட்டிப் பைன். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் மரம். இலேசானது, இழைக்க எளிது, அடிக்கும் முதுகுக்கும் போதுமானது. வாங்குமுன் அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். பன்னாட்டு விதிப்படி 'எச்டி' என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். 'எம்பி' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது. துணியும் உணவுப் பொருளும் வைக்கும் இழுப்பறைக்கு அதைத் தவிர்த்துவிடலாம். எச்டி என்றால் பூச்சி செத்திருக்கும் என்பது மட்டுமே உறுதி. மரம் காய்ந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஈரச் சோதனை இதற்கும் வேண்டும்.

ஒரு மரத்தை மட்டும் இழுப்பறைக்குள் விட வேண்டாம். வேங்கை உயர்ந்த மரம்தான், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் பழுப்புச் சாயம் விடும். வெள்ளை வேட்டி அடுக்கும் இடத்துக்கு அது ஆகாது.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்?

வெளிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்று பிரிப்பது உலகெங்கும் நல்ல தச்சர்கள் கடைப்பிடித்த வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செய்த உயர்ந்த சாமான்களில் வெளியே மகோகனியும் வால்நட்டும் இருக்கும். உள்ளே அந்தந்த வட்டாரத்து மரம் இருக்கும். பாஸ்டன் பட்டறைகள் வெள்ளைப் பைனைப் போட்டன. பிலடெல்பியாவில் டியூலிப் பாப்லரும், அடிப்பலகைக்கு வெள்ளைச் சிடாரும் வந்தன. தெற்கே சார்ல்ஸ்டனில் சைப்ரஸ் மரம் உள்ளே போனது. இங்கிலாந்தில் நல்ல பட்டறைகள் இழுப்பறைக்கு ஓக் மரத்தை எடுத்தன.

மகோகனி கப்பலேறி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வந்தது. அதனால் வெளிமரத்தைப் பார்த்து ஒரு பழைய மேசை எந்த ஊரில் செய்தது என்று சொல்ல முடியாது. உள்மரம் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது. ஆகவே அருங்காட்சியக ஆய்வாளர்கள் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்து நுண்நோக்கியில் பார்த்து, அது எந்தப் பகுதிச் சாமான் என்று அறிய உதவி பெறுகிறார்கள். 250 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இழுப்பறைகளில் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றின் உள்மரம் விலை மலிவாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அதன் குணம் தெரிந்தவர்கள்தான் அதை எடுத்தார்கள்.

பிளைவுட் போடலாமா?

போடலாம், இடம் அறிந்து போட வேண்டும். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் பிளைவுட் அகலவாட்டில் அநேகமாக அசைவதில்லை. அகலமான அடிப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் நல்ல தீர்வு. பொதுப் பயனுக்கான ஐ.எஸ். 303, நீர்படும் இடத்துக்கான ஐ.எஸ். 710 என்ற முத்திரைகளில் ஒன்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இழுப்பறைப் பக்கத்துக்கு மட்டும் கட்டை மரமே வேண்டும். பிளைவுட்டின் விளிம்பு உராய்ந்தால் தகடு பிரியும், புறாவால் வெட்டினால் உதிரும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் உப்பினால் மறுபடி பழைய நிலைக்கு வராது. நம் கடலோர ஊர்களுக்கு அது ஒத்துவராது.

உள்ளே என்ன பூசுவது?

இழுப்பறைக்குள் ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் கலந்த வார்னிஷோ பூச வேண்டாம். மூடிய இடத்தில் அந்த வாடை வருடக்கணக்கில் நின்று துணியில் ஏறும். அரக்கைச் சாராவியில் கரைத்த பாலிஷை ஒரு கை மெல்லியதாக அடித்தால் போதும். அது விரைவில் காயும், வாடை தங்காது, நுண்துளைகளையும் அடைக்கும். வண்டுக்கு முட்டையிட இடம் குறையும். பக்கங்களின் வெளிமுகத்தையும் சட்டத்தையும் மெழுகோடு விட்டுவிடலாம். முதுகுப்பலகைக்கு இரண்டு முகத்திலும் ஒரே அளவு பூச்சு வேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால், பூசாத முகம் ஈரத்தை வேகமாக வாங்கிப் பலகை வளைந்துவிடும்.

ஆசாரியிடம் என்ன பேசுவது?

ஆர்டர் கொடுக்கும் தாளில் வெளிமரத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பாகத்துக்கும் மரத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: இழுப்பறைப் பக்கம், அடி, ஓடுசட்டம், முதுகு. வெள்ளை வரக் கூடாது என்றால் அதையும், மருந்தேற்றிய மரம் என்றால் அதையும் எழுதுங்கள். வேலை தொடங்கும் நாளில் ஒரு துண்டை ஈரம் பார்க்க அறுத்துத் தரச் சொல்லுங்கள். காயாத மரம் என்று தெரிந்தால், "அவசரமில்லை, காய்ந்த பிறகு ஆரம்பிங்க" என்று சொல்லும் பொறுமை நம்மிடம் வேண்டும். பல பட்டறைகளில் பச்சை மரம் உள்ளே போவதற்குக் காரணம் ஆசாரியின் அலட்சியம் அல்ல. கல்யாணத் தேதி, கிரகப்பிரவேசத் தேதி என்று நாம் போடும் நெருக்கடிதான். காய்வதற்கும் மருந்துக்கும் ஆகும் காசைத் தனியாகக் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். சாமானின் மொத்த விலையில் அது சிறு பங்கு.

சாமான் முடிந்து வந்ததும் கீழ் இழுப்பறையைக் கழற்றி, அடிப்பலகையின் அடியில் பென்சிலால் நான்கு விவரம் எழுதிவையுங்கள்: உள்ளே போட்ட மரங்களின் பெயர், எந்தப் பக்கத்து மரம், மருந்தேற்றியதா, செய்த மாதமும் ஆண்டும். எழுதும் பழக்கம் உள்ள ஆசாரி என்றால் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லலாம். இருபது வருடம் கழித்து ஓடுசட்டம் தேய்ந்து, அதை மாற்ற வருகிறவருக்கு அந்த நான்கு வரி போதும். அதே மரத்தைத் தேடி எடுத்து அதே அளவில் போட்டுவிடுவார். மற்றதைப் பிரிக்க வேண்டி வராது.